பாட்டுக்காரர் மனைவிக்கு இரண்டாவது கார்

அத்தியாயம் பதினொன்று

லிக் ஃபோர்க் ஓடைப் பாலத்துக்கு ஹாலிஸ் ரட் பெயரை வைப்பதென்று எங்கள் ஊர் முடிவெடுத்ததையும், அதைக் கேட்ட ஹாலிஸ் தாடையைத் தூக்கிக்கொண்டே நடந்து கழுத்துப் பிடித்துக்கொண்டதையும் போன வாரம் பார்த்தோம். பாலம் புதிதல்ல. நிலக்கரி லாரிகள் ஏறி இறங்கி நடுவில் தொய்ந்துபோன பழைய பாலம்தான். பெயர்ப் பலகை மட்டும் புதிது.

ஹாலிஸ் தன் ஆயுளில் போட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. ஐம்பத்தொன்பதாம் வருஷம், நாற்காலி மேசை விற்கிற கடையின் மாடியில், ஒற்றை மைக்கின் முன்னால் நின்று பாடியது. 'பச்சைக் கோட்டுக்காரி'. வீட்டையும் மனைவியையும் மறந்துவிட்டு, தெருவில் போகிற ஒருத்தியின் பின்னாலேயே போகிறான் ஒருவன். திரும்பிப் பாரேன், திரும்பிப் பாரேன் என்று கெஞ்சுகிறான். அவள் கடைசிவரை திரும்புவதில்லை. அவ்வளவுதான் பாட்டு. கென்டக்கி முழுக்க, காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸ் பெட்டிகளில் அந்த வருஷம் அது தேய்ந்தது.

எங்கள் மலைப்பக்கத்தில் பாட்டு என்றால் கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்ன சாட்சி மாதிரி. இட்டுக்கட்டி ஒருவன் பாடுவான் என்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாட்டு வந்த புதிதில் ஊரில் பச்சைக் கோட்டு வைத்திருந்த பெண்களெல்லாம் அதைக் கறுப்புச் சாயத்தில் முக்கினார்கள். பாதிரியார் ஈனஸ் அந்த இசைத்தட்டைப் பிரசங்க மேடையில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். அது உடையாமல் துள்ளிப்போய், பியானோ வாசிக்கிற அம்மாளின் மடியில் விழுந்தது.

பிறகு காலம் மாறிற்று. பழைய இசைத்தட்டுகளைத் தேடி ஜெர்மனியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, "அந்தப் பச்சைக் கோட்டுக்காரி யார்?" என்று பயபக்தியோடு விசாரித்தார்கள். அதன்பின் ஊரில் நாலைந்து பேருக்கு, அது தாங்கள்தான் என்று ஞாபகம் வந்தது. போட்டியில் ஜெயித்தவள் டெல்ஃபியா. ஹாலிஸின் மனைவி ஓர்ஃபாவுக்குக் கூடப் பிறந்த தங்கை. மற்றவர்களிடம் ஞாபகம் மட்டும்தான் இருந்தது. டெல்ஃபியாவிடம் கோட்டும் இருந்தது.

பாலத்துக்குப் பெயர் வைக்கிற அந்தச் சனிக்கிழமை இன்று.

ஓர்ஃபா சமையலறையில் உருளைக்கிழங்கு சாலட்டுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது மேயர் கார்லண்ட் சைஸ்மோர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஊரில் பிண அடக்க நிலையம் நடத்துகிறவரும் அவரே. அதனால் நல்ல செய்தியைக்கூட அவரால் துக்கக் குரலில்தான் சொல்ல முடியும். எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணுக்கும் மரியாதைக்கு 'மிஸ்'தான்.

"மிஸ் ஓர்ஃபா, ஊர்வலத்துல ரெண்டு கார். முதல் கார் மேல்கூரை இல்லாதது. ஹாலிஸ் அதுல நின்னு கையாட்டறார்."

"நான்?"

"நீங்க ரெண்டாவது கார்ல. நல்ல வசதியான கார்."

"முதல் கார்ல அந்த ஆள் பக்கத்துல யாரு?"

மேயர் தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "பாட்டுல வர்றவங்க பக்கத்துல இருந்தாத்தானே ஜனங்களுக்குப் பிடிக்கும்? டெல்ஃபியாவை உக்கார வைக்கலாம்னு..."

"என் தங்கச்சிய."

"பச்சைக் கோட்டுல."

"இந்த ஜூலை வெயில்ல."

"கலைக்காக, மிஸ் ஓர்ஃபா."

ஓர்ஃபா ஒரு முட்டையை உரித்த வேகத்தில் பாதி வெள்ளைக்கருவும் ஓட்டோடு போயிற்று. "அந்த ரெண்டாவது கார், உங்க கடைக் கறுப்புக் காரா?"

"நேத்துதான் மெழுகு போட்டுத் துடைச்சது."

"அதுல விதவைங்கதானே உக்காருவாங்க?"

"இதுவரைக்கும் யாரும் அந்த சீட்டைக் குறை சொன்னதில்ல" என்றார் மேயர்.

இதைக்கூட ஓர்ஃபா பொறுத்திருப்பாள். அடுத்ததுதான் பொறுக்கவில்லை.

"பாடறப்போ நீங்க எப்பவும் போல துணைக்குரல் குடுக்கறீங்க. உங்களுக்குன்னே தனியா ஒரு மைக், பெரிய தேசியக் கொடிக்குப் பின்னால. முன்னால ஹாலிஸ் மைக்ல டெல்ஃபியா நிப்பாங்க. பாட வேண்டாம், சும்மா வாயசைச்சாப் போதும். போட்டோவுக்கு."

அந்த இசைத்தட்டில் மேல் சுருதியில் கூடவே வருகிற குரல் ஓர்ஃபாவுடையது. தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் அவள் பெயர் இல்லை. தன் கணவன் இன்னொருத்தியைத் திரும்பிப் பார் என்று கெஞ்ச, பக்கத்திலேயே நின்று அதே கெஞ்சலை மேல் ஸ்தாயியில் கெஞ்சினாள். கன்னத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் கை நுழைகிற இடம்தான் இருக்கும். அவன் எங்கே மூச்சு வாங்குவான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு பாட வேண்டும். சர்ச் விருந்தோ, மாவட்டச் சந்தையோ, அந்தப் பாட்டு எங்கே பாடப்பட்டாலும் அந்த ஒற்றை மைக்கின் வலது பக்கம் அவளுடையது. அந்தப் பாட்டால் அவளுக்குக் கிடைத்தது அந்த இடம் ஒன்றுதான். இப்போது அதையும் கோட்டுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

"தாராளமா யோசிங்க" என்றார் மேயர். "நோட்டீஸ் அடிச்சாச்சு."

மேயரின் கார் கிளம்புமுன் டெல்ஃபியாவின் கார் வந்துவிட்டது. ஊரின் ஒரே தலை அலங்காரக் கடை அவளுடையது. இன்று அவள் தலையே அதற்கு விளம்பரம். தலைக்குக் கீழே அந்தக் கோட்டு. பட்டாணிப் பச்சை, பிஸ்கட் அளவுக்குப் பட்டன்கள். மூக்கு நுனியில் ஏற்கெனவே வியர்வை.

"எப்படிக்கா இருக்கு?"

"பட்டன் போடலையாடி?"

"திறந்து விட்டாத்தான் அழகு."

"எட்டலைன்னு சொல்லு."

டெல்ஃபியா நாற்காலியில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "உனக்குப் பொறாமைக்கா. தப்பில்ல. உன் இடத்துல இருந்தா எனக்கும் வரும்."

"பொறாமையா? எனக்கா? என் கோட்டைப் போட்டுக்கிட்டு என் புருஷன் பக்கத்துல போய் நிக்கப்போறவளைப் பார்த்து எனக்கென்னடி பொறாமை?"

"உன் கோட்டா இருந்துச்சு. எப்பவோ."

"கேட்லாக் பார்த்து நான் வரவழைச்சது. ஒரு கல்யாணத்துக்குப் போட்டுட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போன."

"மூணு கல்யாணத்துக்குப் போட்டேன். மூணும் என்னோடது. இப்ப என்ன அதுக்கு?"

ஓர்ஃபா கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தப் பாட்டு உன்னைப் பத்தினு ஹாலிஸ் என்னைக்காவது உன்கிட்ட சொன்னானா?"

"சொல்லுவாரா? அவர் சொல்லாம இருக்காரே, அதுலயே தெரியலையா?"

"அப்போ நீயா எப்படிடி முடிவு பண்ணின?"

டெல்ஃபியா பதில் சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, பேச்சை மாற்றினாள். "எனக்குத் தெரியும். அதை விடு. உப்புக் கம்மியா இருக்குக்கா."

தனக்குப் பொறாமை கிடையாது என்று ஓர்ஃபா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அடிக்கடி சொன்னதால் யாரும் நம்பவில்லை. ஆனால் அந்தப் பச்சைக் கோட்டுக்காரி யார் என்று கணவனை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது உண்மை. கேட்டால் பொறாமை என்று ஆகிவிடுமே.

இன்று கேட்டாள்.

ஹாலிஸ் குளியலறையில் கண்ணாடி முன் நின்று, காதோர நரைக்குப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கறுப்புச் சாயம் தடவிக்கொண்டிருந்தார். ஒரு காது முடிந்திருந்தது. ஓர்ஃபா உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"யாருய்யா அவ?"

"எவ?"

"பச்சைக் கோட்டு."

"பாட்டுன்னா பாட்டுதான் ஓர்ஃபா. இத்தனை வருஷமா இல்லாம..."

"நான் விதவைங்க உக்கார்ற கார்ல வரப்போறேன். இனிமே எனக்கென்ன பயம்? சொல்லு. டெல்ஃபியாவா?"

ஹாலிஸ் பிரஷ்ஷை வைத்தார். முகத்தில் ஒரு பெருந்தன்மை வந்தது. பரிசு கொடுக்கிறவன் முகம்.

"நீதான்."

"என்ன நான்தான்?"

"அது நீதான். தட்டு போடறதுக்கு முந்தின வருஷம் முதல் பனி விழுந்துச்சே, அன்னிக்கு. கரி லாரியை ஓட்டிக்கிட்டு ரயிலடித் தெருவுல வர்றேன். முன்னால ஒருத்தி பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு நடந்து போறா. அப்படி ஒரு நடை. நான் திரும்ப வேண்டிய ரோட்டுல திரும்பல. மெதுவா பின்னாலயே ரெண்டு தெரு வந்துட்டேன். பார்த்தா அவ உங்கம்மா வீட்டு கேட்டைத் திறந்து உள்ள போறா! அட, நம்ம ஓர்ஃபா! லாரியில உக்காந்து தனியா சிரிச்சேன். அன்னிக்கே பாட்டு வந்துடுச்சு."

இதைக் கேட்டால் மனைவி கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்துக் கைகளைக் கொஞ்சம் விரித்து வைத்திருந்தார்.

"வீட்டை மறந்துட்டேன்னு பாடறியே. அந்த வீட்டுல இருந்தது யாரு?"

"நீதான்."

"தெருவுல போனதும் நான்?"

"ஆமா!"

"கேட்டைத் திறக்கற வரைக்கும் நான்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது, ஆனா..."

"எவளோ ஒருத்தின்னு நெனச்சுதானே லாரியைத் திருப்பாம வந்த?"

"அட, ஆனா அது நீதானே!"

"அது உன் அதிர்ஷ்டம்யா. என்னைக்காவது என் பின்னால, நான்னு தெரிஞ்சு, ரெண்டு தெரு வந்திருக்கியா?"

ஹாலிஸ் யோசித்தார். அப்படிப் போனதாகச் சொல்ல ஒரு தெருகூட அவருக்கு அகப்படவில்லை.

சொந்த முதுகின் மேல் பொறாமைப்பட்ட பெண் எங்கள் பக்கத்தில் ஓர்ஃபா ஒருத்தியாகத்தான் இருக்கும். இருந்தும் அந்தப் பொறாமைக்கு உள்ளே ஏதோ ஒன்று சூடாக, இதமாக ஊர்ந்தது. அது தன் நடை. டெல்ஃபியாவின் நடை இல்லை.

"சரி. இன்னிக்கு அதை மைக்ல சொல்லு."

ஹாலிஸின் கை கீழே இறங்கியது. "ஓர்ஃபா, சொந்தப் பொண்டாட்டி பின்னால போனவனுக்கு எவன் பாலம் குடுப்பான்? ஊரே சிரிக்கும். ஜெர்மனிக்காரன் காதுக்குப் போனா என்ன ஆகறது?"

"நீ சொன்னாத்தான் என் வாய் திறக்கும். இல்லேன்னா மேல் சுருதியை நீயே பாடிக்க."

ஒரு காது கறுப்பு, ஒரு காது வெளுப்பாக அவரை விட்டுவிட்டு அவள் வெளியே போனாள்.

ஊர்வலம் போன தூரம் அதிகமில்லை. முதல் கார் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசியில் வந்த பள்ளிக்கூட பாண்டு கிளம்பவே இல்லை. முதல் காரில் ஹாலிஸ் கையாட்டினார். அவரைவிட டெல்ஃபியா அதிகம் ஆட்டினாள். அவள் முகத்துப் பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் கறுப்புக் காரில் ஓர்ஃபா. பக்கத்தில் கிழப் பாதிரியார் ஈனஸ். வழியில் நின்ற சிலர் பழக்க தோஷத்தில் தொப்பியைக் கழற்றினார்கள்.

"அந்தப் பாட்டுல என்னவோ இருக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் பாதிரியார்.

"சுத்தியலோட சொன்னீங்க" என்றாள் ஓர்ஃபா.

பாலத்தில் மேயர் பேசினார். ஓடையை நதி என்றார். ஓடைக்குள் நின்றிருந்த ஒரு மாடு கணுக்கால்கூட நனையாமல் அவரைப் பார்த்தது. துணியை இழுத்ததும் பலகை தெரிந்தது. கைதட்டல். ஹாலிஸ் கிதாரை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் வந்தார். வலது பக்கம் டெல்ஃபியா வந்து நின்றாள். லெக்சிங்டனிலிருந்து வந்திருந்த ரேடியோக்காரர் தன் ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கினார்.

முன்னிசை ஆரம்பித்தது. கொடிக்குப் பின்னால் இருந்த மைக்கில் ஆளில்லை.

ஓர்ஃபா நேரே முன்னால் வந்தாள். "தள்ளுடி."

"அக்கா, போட்டோ எடுக்கறாங்க."

"எடுக்கட்டும். தள்ளு."

டெல்ஃபியா அரை அடி நகர்ந்தாள். அதற்கு மேல் நகரவில்லை. ஹாலிஸ் முன்னிசையை இரண்டாம் தடவை வாசித்தார். மூன்றாம் தடவையும் வாசித்தார்.

"சொல்லுய்யா" என்றாள் ஓர்ஃபா. மெதுவாகத்தான் சொன்னாள். மைக் அதைப் பாலத்தின் இரண்டு கரைக்கும் கொண்டுபோனது.

ஹாலிஸ் கிதாரை நிறுத்தினார். தாடை இறங்கியது. வெயிலில் சாயம் கரைந்து ஒரு காதிலிருந்து கழுத்துக்குக் கறுப்பாக ஒழுகியது. பலகையை ஒருமுறை பார்த்தார், மனைவியை ஒருமுறை பார்த்தார்.

"இந்தப் பாட்டுல வர்றது யாருன்னு எல்லாரும் கேட்டீங்க. வேற யாரும் இல்ல. என் பொண்டாட்டிதான். இதோ, ஓர்ஃபா."

கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. அப்புறம் சிரித்தது. அப்புறம் எழுந்து நின்று கைதட்டியது.

"ராத்திரி வீட்டுக்குப் போகணும்ல!" என்று எவனோ கத்தினான்.

"ஆம்பளைன்னா இவன்!" என்றார் மேயர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கட்டினவ மனசு நோகக் கூடாதுன்னு, பாருங்க, எத்தனை பேர் முன்னால!"

ரேடியோக்காரர் தன் மைக்கில், "என்ன பெருந்தன்மை, நேயர்களே!" என்றார். பெண்கள் பக்கத்தில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. பாதிரியார் ஆமென் சொன்னார். பொய் என்று நினைத்துக்கொண்டே சொன்னார்.

ஒருவர்கூட நம்பவில்லை.

ஓர்ஃபா அந்த முகங்களைப் பார்த்தாள். எல்லாரும் அவளைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவளைப் பார்த்து ஆட்டுவதுபோல் ஆட்டினார்கள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்தும் கோட்டு டெல்ஃபியாவிடமே இருந்தது.

சரி, இடமாவது மிஞ்சியது. அவள் வலது பக்கம் வந்து நின்று, கன்னத்தைக் கணவன் கன்னத்துப் பக்கம் கொண்டுபோனாள். ஹாலிஸ் பாட ஆரம்பித்தார். முதல் அடி, இரண்டாவது அடி. திரும்பிப் பாரேன் என்று வரும் இடத்தில் அவளும் சேர்ந்துகொண்டாள். கூட்டம் அடங்கியது. வயதான குரல்தான். ஆனால் அந்த இரண்டு குரல்களும் சேர்கிற இடத்தில் ஊசி நுழையாது. முதல் சரணம் முடிந்து, நடுவில் கிதார் தனியாக வந்தது.

அப்போது டெல்ஃபியா அவள் காதருகே குனிந்தாள். மைக்குக்குக் கேட்காத குரல். அதில் கேலி இல்லை. அதுதான் ஓர்ஃபாவைப் பயமுறுத்தியது.

"எப்படித் தெரியும்னு கேட்டியேக்கா. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். தட்டு போடறதுக்கு முந்தின வருஷம் முதல் பனி விழுந்த அன்னிக்கு, ரயிலடியிலேர்ந்து அம்மா வீட்டுக்கு நடந்து வந்தேன். இந்தக் கோட்டுலதான். கரி லாரி ஒண்ணு மெதுவா பின்னாலயே வந்துச்சு. கேட் வரைக்கும் வந்துச்சு. நான் திரும்பிப் பார்க்கல."

அந்தக் குளிர்காலத்தில் டெல்ஃபியா கல்யாணமாகாமல் அம்மா வீட்டில்தான் இருந்தாள். கோட்டு முதல் பனிக்கு முன்னால் கைமாறியதா, பின்னாலா? ஓர்ஃபா நினைத்துப் பார்த்தாள். இரவல் கேட்டு வாசலில் நின்ற தங்கையின் முகம் ஞாபகம் வந்தது. வாசலில் பனி இருந்ததா என்பதும், முதல் பனியன்று தான் அம்மா வீட்டுக்குப் போனாளா என்பதும் ஞாபகம் வரவில்லை. அந்த கேட்டைத் திறந்தது யார் என்பது ஹாலிஸுக்கும் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

கிதார் முடிந்தது. அவர் மூச்சு வாங்கினார். வழக்கம்போல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே ஓர்ஃபாவும் மூச்சு வாங்கினாள்.

அன்று அவள் பாடிய மாதிரி அதற்கு முன்னால் பாடியதே இல்லை என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். திரும்பிப் பாரேன், திரும்பிப் பாரேன் என்று அந்தக் குரல் பாலத்துக்கு மேலே ஏறி நின்றது. தன்னைக் கூப்பிடுகிறோமா, தங்கையைக் கூப்பிடுகிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.